எடையுண்ணி

தோ பாயோவில் எங்கள் பொறுப்பிலுள்ள
பதினோரு மின்தூக்கிகளில்
ஒன்றின் குழியில்தான் முளைக்கிறது.
எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ தவறவிட்ட சாவி,
கசிந்து இறங்கிய மழை.
இவ்வளவு போதும் அதற்கு.
இலை கிடையாது.
துரு நிறத்தில் ஐந்து இதழ்,
நடுவில் பல்லி முட்டை அளவு வெள்ளை.
வாசம், அப்போதுதான் கழற்றிய ரப்பர் கையுறை.

புளோக் எண்ணைச் சொல்ல மாட்டேன்.

முதலில் பறித்தவன் வடமலை.
சட்டைப் பையில் செருகிக்கொண்டு
நாற்பது கிலோ எதிரெடைக் கட்டியை
அப்பளக்கட்டு போலத் தூக்கிவந்தான்.
சிரித்தோம்.
இரண்டு நாள் வேலை அன்று மாலையே முடிந்தது.

ஏழாம் மாடி ஹலிஜா மாக்சிக்குக்கு முழங்கால் வலி.
ஓர் இதழ் ஊறிய தண்ணீரில் காலை நனைத்தார்,
ஈரச்சந்தைக்குப் படியிலேயே போய்வந்தார்.
மறுபடி கேட்டபோது
தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.
அதற்குள் வடமலையைப் பார்த்துவிட்டிருந்தேன்.

பூ முதலில் சுமையைத் தின்னும்.
சுமை தீர்ந்ததும் சுமப்பவனை.

தானியங்கிக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை.
கோப்பிக்கடையில் மூன்று முறை கேட்டும்
கோப்பி ஓ வரவில்லை.
அவன் ஏறி நின்ற மின்தூக்கி
யாருமே இல்லை என்று விசிறியை நிறுத்திக்கொண்டது.
மேற்பார்வையாளர் பெயர்ப்பட்டியலை வாசித்தபடி
அவனைத் தாண்டிப் போனார்.
(இதுக்குப் பூவெல்லாம் வேண்டியதில்ல,
எப்பவும் இப்படித்தான், என்றான் வடமலை.)
ஊருக்குக் காணொளியில் அழைத்தபோது
மகள் சொன்னாளாம்:
"அம்மா, சுவர் மட்டும் தெரியுது."

வீசி எறிந்தோம்.
எறிந்த பூ தரைக்கு வர நெடுநேரம் ஆனது.

அப்போதும் அவனை மண்ணில் நிறுத்திவைத்தது
ஏஜெண்டுக்குத் தரவேண்டிய கடன்.
எதையும் தின்கிற பூவுக்கு
வட்டி மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை
கடைசித் தவணை கட்டினான்.
ரசீதைக் காட்ட வந்தவனின் செருப்புகள்
இரண்டும் வழியிலேயே கிடந்தன.
கீழ்த்தளக் கூரையில் தலை முட்ட
மிதந்துகொண்டே
"அண்ணே, முடிஞ்சுது" என்றான்.
கீழ்த்தளத்துக்கு ஏது சுவர்?
நாலா பக்கமும் திறந்த இடம்,
காற்று வேறு.

பணப்பையில் ஐம்பது வெள்ளி இருந்தது.
எம்பி, அவன் உள்ளங்கையில் திணித்தேன்.
"கைமாத்துடா. திருப்பித் தரணும்."
ஒரு சாண் இறங்கினான்.
இன்னொரு சாண்.
குதிகால் சிமெண்டில் பட்டது.

இப்போது ஒவ்வொரு சம்பள நாளும் நீட்டுகிறான்.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறேன்.
ஒருமுறை கோபித்துக்கொண்டு
மேசையில் வைத்துவிட்டு நடந்தான்,
நான்கே அடி.
அவனே திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

குழியைக் கூட்டும் முறை இந்த வாரம் எனக்கு.
சாவிக்குப் பக்கத்தில் இரண்டு மொட்டு.
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
யோசித்துக்கொண்டிருக்கிறேன்,
நான் யாருக்கு, என்ன பாக்கி.