கீல்

தோ பாயோ, பதினோராம் மாடி.
வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்குமுன்
படுக்கையறைக் கதவைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தாள்
ஃபான் ஷுயிங்.

கீல் பக்கம் மரம் நசுங்கிக் குழிந்திருந்தது.
இடுக்கில் இளஞ்சிவப்பாய் ஒரு நூல்.
எலியா என்றேன்.

பெட்டியிலிருந்து பாலே காலணி ஒன்றை எடுத்தாள்.
புதுசு, முனை கல் மாதிரி.
இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.
முறுக்கு ஒடிகிற சத்தம்.
"இப்படி உடைத்தால்தான் கால் கேட்கும்.
ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி."

பதினான்கு வருடம். எஸ்பிளனேடில்
இடமிருந்து மூன்றாவது அன்னம்.
ஒரே ஒருமுறை முன்னால் ஆடச் சொன்னார்களாம்,
யாருக்கோ காய்ச்சல் கண்ட அன்று.
அதைச் சொல்லும்போது மட்டும்
என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் துவாஸில்
சரக்குக் கணக்கு.

குழியை அடைத்து, திருகாணி மாற்றினேன்.
நாற்பது வெள்ளி.
ரசீதில் 'பழுதின் காரணம்' என்றொரு கட்டம்.
தேய்மானம் என்று எழுதினேன்.
குதிகால் சேர்த்து, விரல்கள் விலக நின்று
கையெழுத்துப் போட்டாள்.

கதவு சத்தமில்லாமல் மூடியது.

லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது:
எனக்குக் காட்டுவதற்காக அவள் உடைத்த காலணி
இப்போது
ஆடத் தயாராக இருக்கிறது.