பன்னிரண்டு

முந்தாநாள் ஐனிக்கி வில்லை இழுத்ததும் சொன்னாள்:
"நான் இங்கே இருக்கிறேன்,
என் யோஹிக்கோ வாசலுக்கு வெளியே நிற்கிறது."

பொய்யில்லை.
ஆயிரத்து இருபத்துநான்கு ஃபிரேம், இரண்டு பஃபர்,
நாற்பத்து மூன்று மில்லிசெகண்ட்.
அதற்குள் இந்தக் குளிரில் சத்தம்
பதினான்கு மீட்டர் போய்விடும்:
சவுனாக் குடிலின் கதவைத் தாண்டி
விறகடுக்கைத் தாண்டி
உர்ஹோ தன் பனிச்சறுக்குக் கட்டைகளைச்
சாய்த்துவைத்திருக்கும் பிர்ச் மரம்வரை.
மாத்திரைக் கணக்கில் காலுக்கும் குறைவு,
ஒரு மகரக்குறுக்கம்கூட அதில் அடங்காது.
ஆனாலும் மூன்று குதிரைமுடித் தந்திமேல்
வில் பிடித்திருக்கும் கைக்குத் தெரிகிறது.

நேற்று அறுபத்துநான்காகக் குறைத்தேன்.
தந்தி அவள் காதுக்கு ஒரு கை தூரத்தில் வந்துநின்றது.
கூடவே
சட்.
சட், சட்.
ஈர விறகு என்று அடுப்பைத் திட்டி அணைத்தேன்.
குளிர் உள்ளே வந்தது.
சத்தம் வெளியே போகவில்லை.
அப்படியே பதிவுசெய்தோம்.

அவள் தூங்கிய பிறகு
ஒவ்வொரு சொடுக்கையும் பெரிதாக்கி
வெட்டி, இரண்டு ஓரத்தையும் இழுத்து ஒட்டி,
நான்கு மணிக்கு நிமிர்ந்தேன்.
முப்பத்தொன்று.
அதே கோப்பின்மேல் சேமித்தேன்.
பெருமையாக இருந்தது.

இன்று மடிக்கணினியின் முறை.
கெர்னலுக்குள் எல்லோருக்கும் அவசரம்.
மவுஸ் முந்துகிறது, வைஃபை கதவைத் தட்டுகிறது,
யார் கேட்டார்களோ, ஒருவன் மூன்று நாளாகக்
கோப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான்.
அவனை நிறுத்தினேன். வைஃபையை அணைத்தேன்.
நிகழ்நேரக் கெர்னலை ஏற்றி
ஒலிப்பெட்டிக்கு எல்லோரும் வழிவிடச் சொன்னேன்.
அதன் கேபிள் இத்தனை நாளும்
வெப்கேமோடு ஒரே துளையைப் பங்குபோட்டிருந்தது.
இடப்பக்கத் துளைக்கு மாற்றினேன்.
செயலிக்குச் சும்மா இருந்தால் தூக்கம் வரும்,
எழுப்பினால் கண்ணைக் கசக்கும்,
அந்தக் கசக்கலில்தான் ஒரு சட்.
இன்றிரவு தூங்காதே என்றேன்.

கடைசியில் பார்த்தால்
ஆடியோ குழுவில் என் பெயரே இல்லை.
சேர்த்துவிட்டு, "வெளியே போய் உள்ளே வரவேண்டும்" என்று முனகினேன்.
ஐனிக்கி எழுந்து பனியில் இறங்கி
கதவைச் சாத்தித் திறந்து வந்தாள்.
"போதுமா?"

இருபது நிமிடம்.
எக்ஸ்ரன்: பூஜ்யம்.
அவள் கண்ணை மூடி வாசிக்கிறாள்,
நான் எண்ணை மட்டும் பார்க்கிறேன்.
பூஜ்யம். பூஜ்யம்.

சட்.

பூஜ்யம்.

நாற்பது சென்டிமீட்டர் பனிக்கட்டிக்குக் கீழே
நாங்கள் இறக்கிவைத்த நீரொலிவாங்கியின் ட்ராக்.
சொடுக்குக்குப் பின்னால் ஒரு நீண்ட கீச்சு
கல்லவேசி ஏரியின் மறுகரைவரை ஓடித் தேய்ந்தது.
ஐனிக்கி நிறுத்தவில்லை.
அடித் தந்தியில் அதற்குப் பதில் சொன்னாள்,
தாமதிக்காமல்.

அவள் வாசிக்கும்போதே
நேற்றைய குறிப்பேட்டைத் திறந்தேன்.
இயந்திரம் நேர்மையாக எழுதிவைத்திருந்தது,
மணி, நிமிடம், நொடியோடு.
பத்தொன்பது.
நான் வெட்டியது முப்பத்தொன்று.

கழித்துப் பார்த்தேன்.
இன்னொரு முறை கழித்தேன்.

வாசித்து முடித்து, விரல்களை ஊதிக்கொண்டு
அடுப்பு மூட்டலாமா என்றாள்.
விறகும் வெடிக்குமே, விடியட்டும் என்றேன்.
நேற்றைய பதிவு எங்கே என்றாள்.
கத்தரிக்கோலை எடுத்து
அவள் கையுறையின் விரல்நுனிகளை
ஒவ்வொன்றாக நறுக்கிக் கொடுத்தேன்.