ஜாக்கெட் பிட்டோடு திரை வாங்கப் போனது

உசிலம்பட்டி ஆல்பம் திரும்பி வந்தபோது
பெண்ணின் அம்மா எதுவும் திட்டவில்லை.
பையிலிருந்து முகூர்த்தப் பட்டை எடுத்து
அச்சான பக்கத்தின் மேல் விரித்தார்.
இது அரக்கு.
அது செங்கல்.
மறுபடி அச்சடிக்க ஆறாயிரத்து நானூறு.
புதுத் திரைக்கென்று வைத்திருந்த சீட்டுப் பணத்தில்
அது போக மிச்சம் பதினோராயிரம்.
கிளம்பும் முன் அவரிடம் ஒன்று கேட்டேன்:
ஜாக்கெட் தைத்த மிச்சத் துணி இருக்குமா?

டவுன்ஹால் ரோட்டில், எவர்சில்வர் கடைக்கு மேல் மாடி.
ஏழு திரைகளில் ஒரே கிளி.
ஏழு பச்சை.
இந்த ஊரில் கிளிக்குத் தப்பான பச்சை பூசினால்
கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.
சிக்கந்தர் சிரித்துவிட்டு வளைந்த திரையைக் காட்டினார்.
"நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ் மேடம்,
பசங்க எல்லாம் இதைத்தான் தூக்கிட்டுப் போறாங்க."
என் மணமக்கள் ஓடுவதில்லை, சார்.
சிரிக்கச் சொன்னாலே அரை நாள் ஆகும்.

பென்டிரைவைச் செருகச் சொன்னேன்.
டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன்.
விவிட் என்று வைத்திருந்ததை எல்லாம் எடுக்கச் சொன்னேன்.
அதற்குள் அவர் மேடம் என்பதை நிறுத்தியிருந்தார்.

முதல் திரை ஆறாயிரத்து ஐந்நூறு.
நேரே பார்த்தால் பெண்; தலையைச் சாய்த்தால் நீலப் பெண்.
இரண்டாவதில் கறுப்பு நல்ல கறுப்புதான்,
ஆனால் கூந்தலும் பின்னாலிருந்த இருட்டும்
ஒன்றையொன்று விழுங்கிவிட
பூச்சரம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.
மூன்றாவதில் அந்தப் பூவும் போச்சு:
மொட்டு மொட்டாய்க் கட்டிய மல்லி
சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரே வெள்ளை.
நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது, மூலையில், தூசியோடு.
ஐபிஎஸ் பேனல்.
எஸ்ஆர்ஜிபி தொண்ணூற்றொன்பது சதவீதம் என்றது அட்டை.
அட்டை எதையும் சொல்லும்.
துணியை எடுத்துத் திரையோரம் பிடித்தேன்.
அரக்குக்கு அரக்கு.
நூல் எங்கே முடிந்து ஒளி எங்கே தொடங்கியது என்று
ஒரு நிமிடம் தெரியவில்லை.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.
பருத்திப்பால் ஆறும்போது மேலே படியுமே ஓர் ஆடை,
அந்த நிறம்.
மண்டபத்தில் லென்ஸைத் தாண்டி நான் பார்த்த அதே நிறம்.
ஆல்பத்தில் அவள் இப்படி இல்லை.
நாலு வருடமாய் என் பழைய திரை
முகங்களை இருட்டிக் காட்டியிருக்கிறது;
நானும் ஒவ்வொரு முகமாய்த் தூக்கித் தூக்கி...
அவர்கள் கேட்டு வெளுத்தது பாதி,
கேட்காமலே வெளுத்தது பாதி.
செக்கானூரணியில், வாடிப்பட்டியில், பேரையூரில்
கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்
நான் துடைத்தெடுத்த ஆட்களை.

"நல்ல கலர் காட்டும் இது" என்றார் சிக்கந்தர்.
கலர்.
எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு
ஒரே நிறம்தான்.

பதிமூன்றாயிரத்து இருநூறு என்றார். எழுந்தேன்.
உட்காரச் சொன்னார்.
டிஸ்பிளேயில் இருந்த பீஸ், பெட்டி கிடையாது,
வலது மேல் மூலையில் ஒரு புள்ளி செத்திருக்கிறது,
பத்தாயிரத்து எண்ணூறு, திருப்பி எடுக்க மாட்டோம்.
தேடினேன். கடுகில் பாதி.
"திருஷ்டிப் பொட்டுன்னு வச்சுக்கங்க."
ஆட்டோவில் துப்பட்டாவைச் சுற்றி மடியில் நிறுத்தி
சிம்மக்கல் பள்ளம் ஒவ்வொன்றுக்கும்
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

இப்போது ஜன்னலில் சாம்பல் நிறப் போர்வை.
பிரைட்னஸ் முப்பத்தைந்து.
ஞாயிற்றுக்கிழமைத் திருமங்கலம் கல்யாணம் திறந்திருக்கிறது.
முதல் முகத்துக்கே கை தானாக ஸ்லைடரைத் தேடிப் போனது;
இழுத்து வைத்துக்கொண்டேன்.
போனில் மாப்பிள்ளையின் அக்கா:
"பொண்ணைக் கொஞ்சம் கலரா ஆக்கிடுங்க."
கலராத்தான் இருக்கா, என்று தட்டினேன்.
இன்னும் அனுப்பவில்லை.
பாதிப் பணம் வர வேண்டியிருக்கிறது.