எம்டனில் ஒரு தூக்குக்குண்டு

எம்டன் என்றால் எங்கள் பக்கம்
ஊர்ப் பெயர் இல்லை.
"அவனா? சரியான எம்டன்" என்பார்கள்.
ஜாக்கிரதை என்று அதற்குப் பொருள்.
அந்த எம்டனில்தான்
ஆறு வருடமாகக் கப்பல்களைச்
சாய்த்துப் பார்த்துச் சம்பாதிக்கிறேன்.

காலை ஐந்தே முக்கால். காற்றில்லை.
இந்தக் கரையில் அப்படி ஒரு நாள்
மாதத்துக்கு ஒன்று வாய்த்தால் அதிகம்.
கயிறுகளைத் தளர்த்தியாயிற்று,
ஏணியை எடுத்தாயிற்று.
யாரையும் தொடாமல் துறைநீரில் நிற்கிறாள்
லாக்மோவே.
ஏதோ ஒரு கடற்பறவையின் பெயராம்.

குளிர்காலத்தில் இவள் தலைமேல்
ஒரு கண்ணாடி உணவகம் கட்டினார்கள்,
பயணிகள் வெயில் பார்த்துக் கேக் சாப்பிட.
பதினெட்டு டன். ரசீதில் இருக்கிறது.
அந்தக் கனம் எங்கே போய் உட்கார்ந்தது என்பது
ரசீதில் இல்லை.

கேப்டன் ஹார்ம் ஐலர்ஸ் தேநீர் ஊற்றுகிறார்.
கற்கண்டு விரிசல் விடும் ஓசை
கேட்கும் அளவுக்கு அமைதி.
சுவரில் பித்தளை வில், அதில் ஒரு முள்:
சாய்வுமானி. பூஜ்யம்.
அருகே புதிய டிஜிட்டல்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம்.
"பார்த்தீர்களா, நிமிர்ந்து நிற்கிறாள்.
போன வாரம் சோதனை ஓட்டத்தில்
எவ்வளவு மெதுவாக ஆடினாள் தெரியுமா!
தொட்டில்தான். மேற்பார்வைக்கு வந்த முதலாளியே
தூங்கிவிட்டார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

வண்டித்தளத்தில்
ஆறு மீட்டர் பியானோக் கம்பி.
நுனியில், கொத்தனார் கையில் பார்த்திருப்பீர்களே,
அதே தூக்குக்குண்டு. சற்றுப் பெரியது.
ஆடிக்கொண்டே இருக்கக் கூடாதென்று
பழைய எஞ்சின் எண்ணெய் வாளிக்குள் முக்கியிருக்கிறோம்.
பின்னால் மரச்சட்டம், கூர் சீவிய பென்சில்.
கருவி இவ்வளவுதான்.

கிரேன் இரண்டு டன் இரும்பை
இடமிருந்து வலம் வைக்கிறது.
யாரும் அசையக் கூடாது.
சமையல்காரர் ரொஜெலியோ
கரண்டியும் கையுமாகச் சிலையாகிறார்.
கம்பி யோசித்து யோசித்து நகர்கிறது.

நாற்பத்தொன்று வர வேண்டும்.
ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.
மறுபடி. ஐம்பத்தேழு.
இரும்பை எதிர்ப்பக்கம் மாற்றி: ஐம்பத்தெட்டு.

"எந்தத் தொட்டி நிறையவில்லை?"
"எல்லாம் நிறைத்தாயிற்று" என்று
ஏட்டைத் திறந்து காட்டினாள்
தலைமைப் பொறியாளர் வீப்கே ட்யாடன்.
அவள் கையெழுத்துதான்.
பிறகு என்ன நினைத்தாளோ,
அளவுநாடாவை எடுத்துக்கொண்டு
அவளே இறங்கினாள்.

மூன்றாம் நடுத்தொட்டி. பாதி.

பாதித் தண்ணீருக்கு வஞ்சகம் தெரியாது.
கப்பல் சாயும் பக்கம் தானும் ஓடும்,
துணைக்குப் போவதுபோல.
நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று
நன்னடத்தைப் பாடமாகப் பத்துத் தடவை
எழுத வைத்தார்கள் பள்ளியில்.
அது கப்பல் பாடம் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

நிரப்பி, மறுபடி அளந்தோம்.
நாற்பத்தேழு.
மீதி ஆறு மில்லிமீட்டர்
மேலே உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறது.

"முள் பூஜ்யம்தானே காட்டியது?" என்கிறார் ஐலர்ஸ்.
கோபமில்லை; பாதி கேள்வி, பாதி முறையீடு.

முள் பொய் சொல்லவில்லை, கேப்டன்.
எவ்வளவு சாய்ந்திருக்கிறாய் என்று கேட்டால்
அது சொல்லும்.
சாய்ந்தால் திரும்புவாயா என்பதை
அதனிடம் யார் கேட்டார்கள்?
மெதுவாக ஆடுகிறவள் தாலாட்டவில்லை,
நிமிரலாமா வேண்டாமா என்று
ஒவ்வொரு முறையும் யோசிக்கிறாள்.

அறிக்கையில் எழுதினேன்:
அடியில் இரும்பு சேர்க்கவும். அதுவரை கடல் இல்லை.

"இனி வெடுக் வெடுக்கென்று ஆடுவாள்.
பயணிகள் வாந்தி எடுப்பார்கள்."
"எடுக்கட்டும்.
எடுத்துவிட்டுக் கரையில் இறங்கி
நம்மைத் திட்டட்டும்."

அவர் மூன்றாவது கோப்பை ஊற்றினார்.
இந்த ஊரில் மூன்றுக்குக் குறைந்தால் அவமரியாதை.
தேநீர் கோப்பையின் விளிம்போடு
ஒரே மட்டமாக நின்றது.
நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழேயிருந்து ஒரு குரல், ரொஜெலியோ:
"இப்போது அசையலாமா?"