கரும்பு எரியாத வாரம்

வியாழக்கிழமை கொளுத்துகிறோம் என்றான் ஃபோர்மன் டுமிசானி.
உம்சிண்டோ மேட்டில், பதினான்காம் நம்பர் வயல்.
டிராக்டரை நிறுத்தி ஒன்றுக்குப் போன இடத்தில்
காலடியிலிருந்து வெடித்துப் பறந்தது காடை.
புல்லை விலக்கினேன்.
பதினோரு முட்டை.
சேறு தெறித்த நிறம், ஒவ்வொன்றிலும் வேறு தெறிப்பு.

எப்படியும் சாம்பல்தானே என்று
ஏழு எடுத்துக்கொண்டேன்.
நாலை விட்டது ஏன் என்று கேட்காதீர்கள்.
சாப்பாட்டு டப்பாவில் மிஞ்சிய ரொட்டியைப் பிய்த்து
இடையிடையே செருகி
இறக்கம் முழுக்க முதல் கியரிலேயே வந்தேன்.

மீன் வந்த தெர்மோகோல் பெட்டி. நாற்பது வாட் பல்பு.
ஈரத்துக்கு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு.
பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் சுழி.
காலையில் பெருக்கல் மேலே, மதியம் சுழி,
படுக்குமுன் மறுபடி பெருக்கல்.
மதியத்துச் சுழி சாலாட்சி பொறுப்பு.
"கட்டி இருபத்தாறு வருஷமாச்சு,
எனக்கு ஒரு ராத்திரி போர்வை சரிபண்ணினதுண்டா?"
என்றாள், திருப்பிக்கொண்டே.

கரண்ட் போகும் நேரம் பட்டியல் போட்டு வரும்.
பட்டியலை மீறியும் போகும்.
ஒன்பதாம் நாள் ராத்திரி, நாலு மணி நேரம்.
கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து பாட்டிலில் ஊற்றி
அவளுடைய பழைய ஸ்வெட்டரில் சுற்றிப்
பெட்டிக்குள் படுக்கவைத்தோம்.
டார்ச் அடித்து அடித்துப் பார்த்தோம்.
முப்பத்தேழு. முப்பத்தாறு. முப்பத்தைந்தரை.
தலைகீழாகப் போகும் ஏலம்.

முதல் வியாழன் மழை.
அடுத்த வியாழன் காற்று சரியில்லை.
அப்புறம் ஆலையில் வேலைநிறுத்தம்.
பதினான்காம் நம்பர் எரியவேயில்லை.
"கொளுத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.
"ம்" என்றேன்.

பதினெட்டாம் நாள் விடியலில்
பெட்டிக்குள் யாரோ நகத்தால் தட்டினார்கள்.
மூன்று வந்தன, பாக்கு அளவில்,
முதுகில் கோடு போட்டு, ஈரமாய், கோபமாய்.
மற்ற நாலும் கூமுட்டை.
கொய்யா மரத்தடியில் புதைத்தபோது
எல்லாவற்றிலும் சுழி மேலே இருந்தது.

சாயங்காலம் வயலுக்குப் போனேன்.
கூட்டில் நாலு ஓடு.
குங்குமச் சிமிழைத் திறந்து வைத்தது போல
சுற்றிவரச் சீராக அறுந்து, மூடி தொங்க.
நாலுக்கு நாலு.
அவளுக்குப் பல்பு இல்லை. பென்சில் இல்லை.
ஒரு ஓட்டைச் சட்டைப்பையில் போட்டேன்,
வீட்டு கேட்டருகே எடுத்து எறிந்தேன்.

குஞ்சுகளுக்கு அவித்த கோழிமுட்டையை மசித்துக்கொண்டிருந்தாள்.
தலை தூக்காமல் சொன்னாள்:
"ஒருநாள்கூட உங்க சட்டையில புகை வாடையே அடிக்கலியே."

அப்போது கரும்புக்குள்ளிருந்து
மூன்று சொட்டாகக் கூப்பிட்டது ஒரு குரல்.
மறுபடி, மூன்று சொட்டு.
பெட்டியில் மூன்றும் கழுத்தை நீட்டின.
பிறகு ஓடின,
ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு,
பல்பைப் பார்த்து.