இரண்டரை மணி நேரம் பாக்கி

புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.
இந்துமதி த/பெ சின்னக்கருப்பன்,
சமூக சுகாதார ஊழியர், ஈசூன் வட்டாரம்.
தேவை இருபது மணி நேரம்.
கணக்கில் பதினேழரை.

ஆகவே சனிக்கிழமை காலை
மகனின் பள்ளிக் குளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு
மூன்றாம் மாடி வகுப்பறையில் முட்டி போட்டிருக்கிறேன்,
இடுப்புக்குக் கீழே எதுவுமில்லாத
ஒரு ரப்பர் மனிதனின் முன்னால்.

பயிற்றுநர் ஜுல்ஃபட்லிக்கு இருபத்தாறு இருக்கும்.
என்னைக் 'காக்' என்கிறான்,
அக்காவில் தலையும் வாலும் உதிர்ந்ததுபோல.
ஐந்து சென்டிமீட்டர் ஆழம்.
நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது.
சரியாக அழுத்தினால் பொம்மை 'க்ளிக்' என்னும்,
தோளில் பச்சை விளக்கு எரியும்.

என்னுடையது க்ளிக் என்கிறது.

ஏப்ரலில் அங்கிள் கோவின் நெஞ்சு
அப்படிச் சொல்லவில்லை.
அந்த ஓசை,
முறுக்கு உடைவதுபோல என்று எழுதி
அடித்துவிட்டேன்.
தீபாவளிக்கு நான் முறுக்கு தின்ன வேண்டுமே.

ஒன்பதாம் மாடி, மின்தூக்கிக்கு எதிர்க் கதவு.
அவரிடம் எனக்குப் புரியும் சொல் ஒன்றுதான் உண்டு.
கோப்பியில் சீனி? கொசோங்.
கால் எரிச்சல்? கொசோங்.
மகன் போன் செய்தானா?
விரலால் காற்றில் ஒரு வட்டம்.
பேசிக்கொண்டே கெட்டிப்பால் டப்பாவை
மேசைக்கடியில் காலால் தள்ளுவார்.
நான் பார்க்காததுபோல் பார்த்து
குறிப்பில் எழுதிக்கொள்வேன்.

அன்று ஊசி குத்த விரலை நீட்டியவர்
நீட்டியபடியே சரிந்தார்.
பதினொரு நிமிடம்.
எண்ணிக்கொண்டே இருந்தேன், முப்பது, முப்பது, முப்பது,
எந்த மொழியில் எண்ணினேன் என்று
இன்றும் தெரியவில்லை.

பிழைத்துவிட்டார்.
உடைந்த மூன்று விலா எலும்புகளுக்கு
மாதம் ஒரு கோப்பி அபராதம் வாங்குகிறார்.
கையுறை மாட்டும்போதெல்லாம்
'லைசென்ஸ்?' என்கிறார்.

அந்தப் பதினொரு நிமிடத்தை
தொடர்கல்விக் கணக்கில் பதியப் பார்த்தேன்.
விரிவுரை, கருத்தரங்கு, இணையப் பாடம், மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
ஆதாரம் இணைக்கவும் என்றது.
அவர் எக்ஸ்ரேயை அவரிடம் எப்படிக் கேட்பது?
மறுநாள் பதில் வந்தது:
ஏற்கப்பட்ட மணி நேரம், சுழியம் புள்ளி சுழியம்.

இதைச் சொல்லிச் சிரிக்கத்தான்
பின்வரிசையில் உட்கார்ந்தேன்.
ஆனால் ஜுல்ஃபட்லி கேட்டான்,
'அழுத்துவதற்கு முன்னால் என்ன?'
கையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.
'கத்தணும், காக். ஆள் கூப்பிடணும்.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு கை மாறணும்.'

அன்று நான் கத்தவில்லை.
போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு
மண்டியிட்டேன். அவ்வளவுதான்.
இரண்டு கதவு தள்ளி
ரோஹானா வீட்டில் இருந்தாள்,
மருத்துவமனை இரவுப் பணி முடித்து
தூங்காமல், துணி காயப்போட்டுக்கொண்டு.
பிறகு அவளே சொன்னாள்.
இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பாடம்
எனக்கும் சொல்லித்தந்திருப்பார்கள்.
நல்ல பெண்ணாக மௌனமாகவே
உயிர் காக்கப் பார்த்திருக்கிறேன்.

'கத்துங்க' என்றான்.
கத்தினேன்.
'இன்னும்.'
'யாராவது வாங்களேன்!'
தமிழில்தான் வந்தது.
அடுத்த அறையில்
கணக்குப்பதிவு படிக்கிறவர்கள்
கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் உள்ளேயே ஓடி வந்துவிட்டார்,
பேனாவோடு.

திங்கட்கிழமை அட்டையை எடுத்துப் போனேன்.
அங்கிள் கோ கண்ணாடி மாட்டிக்கொண்டு
என் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்,
பாதியில் கைவிட்டார்.
காலாவதித் தேதியில் விரல் வைத்து
ஏதோ கூட்டிக் கழித்தார்.
பிறகு பின்பக்கம் திருப்பி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

'கொசோங்' என்றார்.
விரலை நீட்டினார்.