முதல் கியர்

உலான்பாதரின் வடக்கு மேட்டில்
பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் அப்பால்
நம்ஸ்ராயின் கம்பளிக் கூடாரம்.
செவ்வாயும் வெள்ளியும் ஏறுவேன்.
பையில் மாத்திரையும் கட்டுத்துணியும்.
உறையாதிருக்க
கோட்டுக்குள் அக்குளில் இடுக்கிய மார்ஃபின் பாட்டில்.

உள்ளே நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை.
"ஈரல் கொஞ்சம் கோபமா இருக்கு"
என்பாள் செந்த்மா,
அடுப்பில் நிலக்கரி தள்ளிக்கொண்டே.

பூஜ்யத்திலிருந்து பத்துவரை
எவ்வளவு வலி, ஓர் எண் சொல்லுங்கள்.
பயிற்சியில் தந்த கேள்வி.
எல்லைக்கு இருபத்தாறு வருஷம்
சரக்கு லாரி ஓட்டியவர் சிரித்தார்.
"மூன்றாம் கியர்."

மூன்று என்று எழுதிக்கொண்டேன்.
அடுத்த வாரம் இரண்டு.
அதற்கடுத்த வெள்ளி
உதடு வெளுத்து,
போர்வையைப் பிடித்த கை பிடித்தபடியே,
"முதல் கியர்" என்றார்.
ஒன்று.
குறைகிறது, பரவாயில்லை என்று
நானேதான் செந்த்மாவிடம் சொன்னேன்.
உப்புத் தேநீர் தந்தாள்.
குடித்தேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வழியனுப்ப வந்த மைத்துனன் யோந்தோன்
பூட்ஸில் ஒட்டிய பனியை உதைத்துக்கொண்டே கேட்டான்:
முதல் கியர் எப்போ போடுவாங்க, தெரியுமா அக்கா?
முழு பாரத்தோட கணவாய் ஏறும்போது.
இன்ஜின் அலறும். வண்டி நகராது.
இறங்கி நடக்கிறவன் முந்திப் போயிடுவான்.

திரும்பி உள்ளே போனேன்.
பத்தா, என்றேன்.
கண்ணை மூடித் திறந்தார்.
பேனா மை உறைந்திருந்தது. ஊதி ஊதி
அந்த ஒன்றை அடித்தேன்.
மன்னிப்பும் கேட்டேன்.
"லாரி ஏறாதவள்கிட்ட லாரி பாஷை பேசினது
என் தப்பு."
டாக்டரைப் போனில் பிடித்து
அளவைக் கூட்டினோம்.
நாலு மணிக்கு ஒருதரம், ராத்திரியிலும்.
மணியடித்தால் அவர் விழித்துவிடுவாரென்று
அதிர்வில் வைத்த போனைக்
கன்னத்துக்கடியில் வைத்துப் படுத்தாளாம் செந்த்மா.

செவ்வாய்.
ஊரெங்கும் புகை, மேடு ஏறுவதற்குள் மூக்கு கறுத்துவிட்டது.
அவர் சாய்ந்து உட்கார்ந்து
சூப்பை ஊதிக்கொண்டிருந்தார்.
எந்த கியர்?
யோசித்தார், வெகுநேரம்.
"டீசல் மிச்சம் பண்ண
இறக்கத்துல நியூட்ரல்ல விடுவோம்,
முதலாளிக்குத் தெரியாம.
நேத்து ராத்திரி கொஞ்ச தூரம்
அப்படி வந்தேன்."

"பிரேக் இருந்ததா?" என்றாள் செந்த்மா,
முகத்தைத் திருப்பாமல்.

"எனக்கு எந்த ரோடுன்னு தெரியும் செந்த்மா."

கரண்டி அடுப்பின் விளிம்பில் நின்றது.
அந்தக் கூடாரத்தில் அதுவரை
அவ்வளவு பேசியதில்லை அவர்கள்.

படிவத்தில் நியூட்ரலுக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதித் தேதி போட்டேன்.
அவள் மடியில் போன் அதிர்ந்தது.
இரண்டு மணி.
மாத்திரை.